ஆர்லிஸ் ஊற்றிய கண்ணாடி ஏரிகள்

ஆர்லிஸ் டாலெஃப்சனைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் பதில் வரும். "அடுப்பை அணைச்சியான்னு ஒரு வார்த்தை கேளுங்க, வண்டியைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவா" என்பார்கள். பொய்யில்லை. சொந்த மகன் கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் பாதி வழி போனபிறகு, இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, புருஷன் டுவேனை வண்டியைத் திருப்பவைத்தவள் அவள். பிடுங்கித்தான் இருந்தது. எப்போதும் பிடுங்கித்தான் இருக்கும். அதுதான் அவளுடைய போதாத காலம். ஒரே ஒரு தடவையாவது அது சூடாக இருந்து தொலைத்திருந்தால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடக்கில், ஏரியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. இங்கே யாரும் யாரையும் நேருக்கு நேர் குறை சொல்ல மாட்டார்கள். வாயில் வைக்க முடியாத பண்டத்தைக் கொடுத்தாலும், "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டும் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊர்ப் பண்புக்கு ஒரே விலக்கு டுவேனின் தங்கை வெர்னா. அவள் நாக்கில் எலும்பு கிடையாது. ஆர்லிஸ் அவள் வீட்டு வாசலில் கால் வைத்தால், வா என்று சொல்வதற்கு முன்னால், "அடுப்பை அணைச்சியா?" என்பாள். ஆர்லிஸும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மனசுக்குள் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

டுவேனுக்குக் கவுன்ட்டி நிர்வாகத்தில், சாலையில் விழுந்த பனியைத் தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. புயல் அடித்து ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில்தான் அவன் புறப்படுவான். அந்த நேரங்களில் ஆர்லிஸ் பட்ட பாடு சொல்லி மாளாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை இருந்தவரை கை நிறைய வேலை இருந்தது. முழங்கால் மக்கர் பண்ணி அந்த வேலையை விட்டபிறகு, ஜன்னலுக்கும் ஃபோனுக்கும் நடுவில் நடப்பதே வேலையாகிவிட்டது. பின்னல் பின்னிப் பார்த்தாள். கை பின்னியது, மனசு லாரியோடு சேர்ந்து பள்ளத்தில் விழுந்தது.

அப்போதுதான் ஜெல் மெழுகுவத்தி வந்து சேர்ந்தது. மெழுகே இல்லாத மெழுகுவத்தி அது. எண்ணெயைப் பிசினோடு சேர்த்துக் கெட்டியாக்கிய ஒன்றை, கைவினைக் கடையில் வாளியில் விற்பார்கள். பார்த்தால் தண்ணீர் அப்படியே உறைந்து நிற்பதாகத் தோன்றும். அந்தச் சில வருஷங்களில் அமெரிக்கா முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. கண்ணாடித் தம்ளருக்குள் ஊற்றி, உள்ளே கிளிஞ்சல், கண்ணாடிக் குண்டு எதையாவது மிதக்கவிட்டு, நடுவில் திரி வைத்தால் தீர்ந்தது. ஆனால் அதை உருக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அவசரப்பட்டால் புகையும். சூடு குறைந்தால் குமிழி குமிழியாக நின்றுவிடும். தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. ஆர்லிஸுக்கு அது அமைந்துபோயிற்று. பயப்படுவதற்கென்று ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் மற்ற பயமெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்பதை அவள் அந்த அடுப்படியில்தான் கண்டுபிடித்தாள்.

அவள் செய்தவிதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். பக்கத்தில் பெரிய பாத்திர மூடி ஒன்று தயாராக இருக்கும். ஜெல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடித்தான் அணைக்கவேண்டும் என்று வாளியில் எழுதியிருந்ததை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். தடிமனான கண்ணாடி மட்டும்தான் வாங்குவாள். காய்ந்த பூ, மரச்சில்லு என்று எரியக்கூடிய எதையும் உள்ளே போட மாட்டாள். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் அதில் ஒன்றைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, கொளுத்தி, கடைசிவரை எரியவிட்டுப் பார்ப்பாள். டுவேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் எதிரில் நிற்பான்.

"என்ன செய்யற?" என்பாள்.

"யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன். இவ்வளவு பக்தியா உட்காந்து பாக்கறியே."

"போய்க் கையைக் கழுவு."

அந்த வருஷம் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கும் கைவேலை விற்பனைக்கு, அந்த பஜாருக்கு, ஏதாவது புதுசாகச் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஜெல்லுக்கென்று தனியாக விற்கும் வாசனை எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. தபாலில் வரவேண்டியது வரவில்லை. அலமாரியில், முன்பு சாதா மெழுகுவத்தி செய்தபோது மிச்சமான லவங்கப்பட்டை எண்ணெய் ஒரு சீசா இருந்தது. லவங்கப்பட்டை வாசனை இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ்? ஊற்றினாள்.

பளிங்காக இருந்த ஜெல், கண்ணாடிமேல் மூச்சு விட்டதுபோல மங்கிப்போயிற்று. ஐயோ, போச்சே என்று கொட்டப் போனவள், ஒரு தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அசந்துபோனாள். உள்ளே எங்கள் ஏரி நின்றது. டிசம்பர் மாசத்து ஏரி, மேலே வெள்ளை படர்ந்து, அடியில் இருட்டாக. அதற்குமேல் அவளைப் பிடிக்க முடியவில்லை. டுவேனைச் சோடா டப்பாத் தகரத்தில் குட்டிக் குட்டி மீன்பிடிக் குடிசைகள் வெட்டச் சொன்னாள். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க எங்கள் ஏரிமேல் நிற்குமே, அதே மாதிரி, நகக்கண் அளவு கதவோடு. தூண்டில் கடையில் விற்கும் தகர மீனில் கொக்கியைக் கழற்றிவிட்டு ஜெல்லுக்குள் நிறுத்தினாள். மேலே குடிசை, அடியில் மீன். ஒரு டஜன் ஏரிகள் சமையல் மேடையில் வரிசையாக நின்றன.

டுவேன் குனிந்து பார்த்தான். "அழகுதான். ஆனா வெள்ளையா இருக்கே, ஆர்லிஸ். தெளிஞ்ச பனி தாங்கும், வெள்ளைப் பனி தாங்காது. இது மேல நான் நடக்க மாட்டேன்."

"உன்னை யாரு நடக்கச் சொன்னா?"

அது எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். உறைந்த ஏரியில் கண்ணாடியாகத் தெரியும் பனியில் நடக்கலாம், வெளுத்த பனியில் கால் வைக்கும் முன் யோசி. அதைக் கேட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

இனி நடந்ததைத்தான் அவள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். வழக்கம்போல ஒன்றைத் தொட்டிக்குள் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தாள். பஜாரில் அவளோடு மேசையில் நிற்கும் சிநேகிதி ஆர்டெல், பார்க்க வந்தவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, இதையா எரிக்கப்போற? உனக்கு மனசு வருதா?"

"ஒண்ணு எரிச்சுப் பாக்காம நான்…"

"ஆர்லிஸ். இத்தனை வருஷமா எரிச்சியே, ஒரு தடவையாவது ஏதாவது ஆச்சா?"

டுவேன் சிரித்தான். ஆர்டெல் சிரித்தாள். ஆர்லிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், மற்றவர்கள் மாதிரி, ஆகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து பார்க்க ஆசைப்பட்டாள். தீப்பெட்டியை டிராயருக்குள் போட்டாள்.

பஜாரில் ஏரிகளுக்குத்தான் கூட்டம். எதையும் தொட்டுப் பார்க்காத ஆண்கள்கூட காப்பிக் கோப்பையோடு வந்து குனிந்து குடிசைக் கதவைப் பார்த்தார்கள். வெர்னாவின் புருஷன் லைல் முதல் ஆளாக ஒன்றை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். வெர்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாருங்கடி, ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நெருப்பு விக்கிறா!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லிஸும் சிரித்தாள். நடுவில் காப்பிப் பானையின் ப்ளக்கைப் பிடுங்கினார்களா என்று சர்ச் சமையலறைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பியபோது இன்னும் ஒன்று விற்றுப்போயிருந்தது. டுவேனுக்கென்று ஒதுக்கிய ஒன்றைத் தவிர மேசை காலி. அன்றைக்கு ராணி மாதிரி வீட்டுக்கு வந்தாள் அவள்.

அந்த ராணி வாழ்க்கை சில நாள் நீடித்தது. ஒரு காலையில் டுவேன் லாரிக்குப் போனபின், பனி பொழியாத நல்ல வெயிலில், சமையலறையில் தனியாக நின்றவள் கண்ணில் டுவேனுக்கென்று ஒதுக்கிய அந்தத் தம்ளர் பட்டது. எரித்துப் பார்க்காதது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. தொட்டிக்குள் வைத்தாள். கொளுத்தினாள்.

முதலில் ஒழுங்காகத்தான் எரிந்தது. லவங்கப்பட்டை வாசனை வீட்டை நிறைத்தது. பிறகு ஜெல்லின் மேல் பரப்பு வேர்த்தது. துளித்துளியாக எண்ணெய் மேலே வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, திரியைச் சுற்றிக் குளமாக நின்றது. ஜெல்லும் அந்த எண்ணெயும் சேரவே இல்லை. மங்கலாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அவள் மூடியை எட்டுவதற்குள் தீ திரியை விட்டுக் குளத்துக்குத் தாவியது. தம்ளர் வாய் முழுக்க நெருப்பு. தொட்டிக்கு மேலிருந்த திரைச்சீலையை நோக்கி எழும்பிற்று. மூடியைக் கவிழ்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அணைந்தபிறகும் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது தகரக் குடிசை கரியாக இருந்தது, கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

ஊரில் இன்னும் பதினோரு வீட்டில் இது உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வீட்டிலும் திரைச்சீலை இருக்கிறது.

ஃபோனை எடுத்தாள். தபால் ஆபீஸ்காரி முதலில். "ஆர்லிஸ் பேசறேன். அந்த மெழுகுவத்தியைக் கொளுத்திடாதே. ஆபத்து."

எதிர்முனையில் சிரிப்பு. "உனக்கு எதுதான் ஆபத்தில்ல, கண்ணு?"

"நெஜமாத்தான் சொல்றேன். என் வீட்டுத் தொட்டியில…"

"தொட்டிக்குள்ள வச்சா கொளுத்தின? பாவம்டி நீ. கவலைப்படாதே. அவ்வளவு அழகா இருக்கறதை யாரு கொளுத்துவா?"

அடுத்த வீட்டிலும் அதே சிரிப்பு. அதற்கடுத்த வீட்டிலும். ஆயுசு முழுக்க இல்லாத தீக்கெல்லாம் கூச்சல் போட்டவள், இன்றைக்கு நிஜத் தீயைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஃபோனை வைத்துவிட்டு, நல்ல தெளிவான மெழுகுவத்திகளைப் பெட்டியில் அடுக்கி, பாத்திர மூடியையும் சீட்டில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தாள். கிளம்புமுன் அடுப்பை மூன்று தடவை பார்த்தாள். வழியில் நான்காவது தடவைக்காகத் திரும்பலாமா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே ஓட்டினாள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு பொருளைத் திருப்பி வாங்குவது என்றால் அது ஒரு சடங்கு. உள்ளே வா என்பார்கள். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லவேண்டும். அப்புறம் உட்காரவேண்டும். காப்பி வரும், கேக் துண்டு வரும். பதிலுக்கு இதை வைத்துக்கொள் என்று நல்லதைக் கொடுத்தால், ஐயோ எதுக்கு என்று மூன்று தடவை அவர்கள் சொல்லவேண்டும். வாயில் கேக்கை வைத்துக்கொண்டு, மெழுகுவத்தியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் ஆர்லிஸ். பல் டாக்டர் வீட்டில் அது பியானோமேல் இருந்தது. தபால் ஆபீஸ்காரி வீட்டில் கக்கூஸ் தண்ணித் தொட்டிமேல். பாஸ்டர் அதைப் பக்கத்து ஊர்ச் சித்திக்குக் கொடுத்திருந்தார். சித்தி அதைப் பனிப்பொழிவில் கார் எடுக்க உதவிய பையனின் அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். அங்கேயும் போனாள். அங்கேயும் கேக்.

மத்தியானத்துக்குள் காரின் பின்சீட்டில் ஏரிகள் சேர்ந்துவிட்டன. இன்னும் இரண்டுதான் பாக்கி. ஒன்று லைல் வாங்கியது. இன்னொன்று, அவள் காப்பிப் பானையைப் பார்க்கப் போன நேரத்தில் விற்றது. அது யார் கையில் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

ஆர்டெல் வீட்டுக்குப் போய்க் கதவிலேயே நின்று கேட்டாள். "நான் சமையலறைக்குப் போனப்ப யாரு வாங்கினா?"

ஆர்டெல் கையைத் துடைத்த துணியையே பார்த்தாள். "கூட்டமா இருந்துதே, ஆர்லிஸ். நெனப்பில்ல."

"பன்னெண்டுல ஒண்ணு. நீதானே எடுத்துக் கொடுத்த?"

"நெனப்பில்லன்னு சொல்றேன்ல. உள்ள வா, காப்பி குடி."

ஆர்லிஸுக்கு எரிச்சலாக வந்தது. காப்பி வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, ஆர்டெலின் ஃபோனிலிருந்தே வெர்னாவைக் கூப்பிட்டாள்.

"அடுப்பை அணைச்சியா?" என்றாள் வெர்னா.

"லைல் வாங்கின மெழுகுவத்தி எங்க?"

"ஊரெல்லாம் ஃபோன் பண்றியாமே. கேள்விப்பட்டேன். ஏண்டி இப்படி? வித்ததைத் திருப்பி வாங்கற ஒரே வியாபாரி நீதான்."

"வெர்னா, எங்க அது?"

"காலைலயே மீன்பிடிக் குடிசைக்கு எடுத்துட்டுப் போயிட்டான். தூண்டில் புழு நாத்தத்துக்கு இது தேவலாமாம். ராத்திரி சரியாத் தூங்கலன்னான், அங்க போய்க் குறட்டை விட்டுட்டிருப்பான்."

லைலின் குடிசை பலகையால் கட்டியது. உள்ளே காஸ் சிலிண்டரும் ஹீட்டரும் இருக்கும். ஒரே கதவு. நடு ஏரி. "நீ போய்ப் பாரேன், பக்கத்துலதானே இருக்க?" என்றாள் ஆர்லிஸ்.

"நானா? ரொட்டி அடுப்புல இருக்கு. சாயங்காலம் வருவான், கேட்டுக்கோ." வெர்னா ஃபோனை வைத்துவிட்டாள்.

டுவேன் எங்கேயோ நெடுஞ்சாலையில் இருந்தான். ஏரிக் கரைக்குப் போய் வண்டியை நிறுத்தினாள். டிசம்பர் தொடக்கத்துப் பனி. ஆள் நடக்கலாம், வண்டி போகக்கூடாது. தூரத்தில் நாலைந்து குடிசைகள். பச்சைப் பெயின்ட் அடித்தது லைலுடையது. அதன் மேலிருந்து புகை வந்தது. ஹீட்டர் குழாய்ப் புகையா, வேறு புகையா, அவளால் சொல்ல முடியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ஏரிக்கரையிலேயே பிறந்து, ஏரிக்கரையிலேயே வாழ்ந்து, ஆர்லிஸ் ஒரு பனிக்காலத்தில்கூட அந்த ஏரிமேல் கால் வைத்ததில்லை. டுவேன் கல்யாணமான புதிதில் கெஞ்சிப் பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான். கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். இப்போது பாத்திர மூடியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்று வாய்விட்டுச் சொல்லியபடி இறங்கினாள்.

காற்று பனித்தூளை ஒதுக்கிய இடங்களில் ஏரி கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. கீழே பார்த்தால் களைச்செடி ஆடுவது தெரிந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். வெளுத்த திட்டு வந்த இடமெல்லாம் சுற்றிப் போனாள். தெளிந்ததில் நட, வெள்ளையில் நடக்காதே. இதை டுவேன் அடுப்படியிலேயே சொன்னானே, மூளை எங்கே மேயப் போயிருந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாதி தூரத்தில் ஏரி உறுமியது. காலடியில் ஆரம்பித்து எதிர்க்கரை வரைக்கும் நீண்டு ஓடிய ஒரு பெரிய முழக்கம். ஆர்லிஸ் அப்படியே நின்றுவிட்டாள். பனி கெட்டியாகும்போது சத்தம் போடும், சத்தம் போட்டால் நல்லதுதான் என்று டுவேன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சொன்னால் ஆயிற்றா? கால் நம்பவேண்டாமா? திரும்பிப் பார்த்தாள். கரை தூரத்தில் இருந்தது. குடிசையும் தூரத்தில் இருந்தது. புகை கறுப்பாகத் தெரிந்தது, அல்லது அவள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. "லைல்!" என்று கத்தினாள். பதில் இல்லை. தூங்குகிற மனிதன் எரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நினைப்புதான் அவளைப் பிடித்துத் தள்ளியது. முழங்கால் வலியை மறந்து, மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்க் குடிசைக் கதவை உடைக்காத குறையாகத் திறந்தாள்.

லைல் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, துளைக்குள் தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன், பேயைப் பார்த்தவன் மாதிரி விழித்தான்.

"ஆர்லிஸ்? எப்படி வந்த?"

"நடந்து."

"நீயா?"

"மெழுகுவத்தி எங்க?"

"எது?"

"லைல்!"

"ஓ, அதுவா." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நல்லா எரிஞ்சுது. ரொம்ப நல்லா எரிஞ்சுது. வாசனையும் பிரமாதம்."

ஆர்லிஸ் அவனையே பார்த்தாள். குடிசைக்குள் லவங்கப்பட்டையும் கருகிய முடியும் கலந்து நாறியது. கூரைப் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டம். எட்டிப்போய் அவன் தொப்பியை மேலே தள்ளினாள். முகத்தில் ஏதோ குறைந்தது. என்ன என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று.

"உன் புருவம் எங்க?"

லைல் கையைத் தூக்கி, இருக்கவேண்டிய இடத்தில் தடவிப் பார்த்தான். "இந்த வருஷம் குளிர் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றான்.

ஆர்லிஸ் தூண்டில் பெட்டிமேல் உட்கார்ந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, விஷயம் வெளியே வந்தது. காலையில் கொளுத்தினானாம். தம்ளர் முழுக்கப் பற்றிக்கொண்டதாம். துளையிலிருந்து ஒரு கரண்டி ஏரித்தண்ணீரை மொண்டு ஊற்றினானாம். தீ கூரைக்கு எழும்பிற்றாம். பூட்ஸ் காலால் தம்ளரை உதைத்துத் துளைக்குள் தள்ளிவிட்டானாம். இப்போது அது ஏரிக்கு அடியில், மீன்களோடு.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"உனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான். எவ்வளவு ஆசையாப் பண்ணின. மீனெல்லாம் வச்சு."

"மனசு கஷ்டமா?" ஆர்லிஸ் எழுந்துவிட்டாள். அவள் குரல் அப்படி ஏறி லைல் கேட்டதே இல்லை. "காலைலேருந்து ஊர் ஊராப் போறேன். ஒருத்தர் நம்பல. எல்லாரும் சிரிக்கிறாங்க. நெருப்பைப் பாத்தவன் நீ ஒருத்தன். நீ இங்க உட்காந்து பிரமாதங்கற! ஆயுசு பூரா ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குச் சொன்னீங்க. ஒருநாள் ஆச்சு. ஆனதை யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க! உன் மரியாதையைத் தூக்கி இந்தத் துளைக்குள்ள போடு. இன்னும் ஒண்ணு எங்கேயோ இருக்கு, லைல். யார் வீட்டுலன்னே தெரியல. எழுந்திரு."

"எங்க?"

"வெர்னாகிட்ட. இந்த மூஞ்சியோட."

லைல் மறு பேச்சுப் பேசாமல் ஹீட்டரை அணைத்தான். ஆர்லிஸ் சிலிண்டர் திருகையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. திரும்பும்போது ஏரி மறுபடி உறுமியது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் நிற்கவில்லை.

வெர்னாவின் சமையலறையில் ரொட்டி வாசனை. அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "அடுப்பை அணைச்சியா?" என்றாள். லைல் தொப்பியைக் கழற்றினான்.

வெர்னா திரும்பினாள். கிட்டே வந்து, ஈரக் கையால் அவன் நெற்றியைத் தொட்டாள். தோல் சிவந்து பளபளத்தது.

"மெழுகுவத்தி" என்றான் லைல். "தண்ணி ஊத்தினேன். ஊத்தியிருக்கக்கூடாது."

"வலிக்குதா?"

"பரவால்ல."

நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள் வெர்னா. "நானும் ஒண்ணு வாங்கினேன்" என்றாள்.

"எப்ப?"

"நீ காப்பிப் பானையைப் பாக்கப் போனப்ப. உன்னைக் கிண்டல் பண்ணிட்டு உன் கையாலேயே வாங்க வெக்கமா இருந்துது. ஆர்டெல்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டேன்." "ரோண்டாவுக்கு அனுப்பிட்டேன்."

ரோண்டா அவர்கள் மகள். நகரத்தில் மாடி வீட்டில், கைக்குழந்தையோடு இருந்தாள்.

வெர்னா ஃபோனை எடுத்தாள். சொந்த மகளின் நம்பர் கைக்கு வரவில்லை. தப்பாக அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. கண் ஜன்னலுக்கும் ஃபோனுக்கும் ஓடியது. ஆர்லிஸுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். புயல் அடிக்கும் நாளில் தன் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்தது. போய் வெர்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா?" என்றது ஃபோன்.

"அந்த மெழுகுவத்தி! கொளுத்தினியா?"

ரோண்டாவின் சிரிப்பு வெளியே கேட்டது. "அதை யாரும்மா கொளுத்துவா? அவ்வளவு அழகா இருக்கு. டிவி மேல வச்சிருக்கேன்."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். "எடு அதை. இப்பவே எடுத்து வெளியில பனியில வை. சிரிக்காதேடி! சொன்னதைச் செய். நான் லைன்லயே இருக்கேன்."

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வச்சாச்சு, போதுமா என்றாள் ரோண்டா. வெர்னா தலையாட்டினாள், மகளால் பார்க்க முடியும் என்பதுபோல. ஆனால் ஃபோனை வைக்கவில்லை. ஃபோன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ரோண்டா," என்றாள் கடைசியில், "அடுப்பை அணைச்சியா?"

யாரும் சிரிக்கவில்லை.

"அணைச்சது தெரியும்னெல்லாம் சொல்லாதே. போய்ப் பாத்துட்டு வா. நான் இருக்கேன்."

ஆர்லிஸ் கோட்டைக் கழற்றி, பாத்திர மூடியை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். லைல் அசையாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஃபோனில் ஏதோ பேச்சுக் கேட்டது.

"அணைச்சுதான் இருக்காம்" என்றாள் வெர்னா.

"எப்பவும் அணைச்சுதான் இருக்கும், வெர்னா" என்றாள் ஆர்லிஸ். "இருந்தாலும் பாக்கணும்."